புது மாஸ்டர், புது மேடை, பழைய சிலிண்டர்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஸ். முதலாளிக்கு என்ன தோன்றியதோ, ஒரே ராத்திரியில் மாஸ்டரை மாற்றினார்; அடுப்பு மேடையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். சிலிண்டர் பழசு. ஸ்டோர் ரூம் பழசு. பரோட்டா போடுகிறவரும் பழைய ஆள்தான். மறுநாள் காலை இட்லி, பொங்கல் எல்லாம் ஒழுங்காக வந்தது. மதியக் கூட்டத்தில் ஒரு வாளி சாம்பார் சரியாக இருந்தது, அடுத்த வாளியில் உப்பே இல்லை. மூன்று மணிக்கு, சாப்பிட ஆளே இல்லாத நேரத்தில், அடுப்பு தானாக அணைந்தது. யாரைத் திட்டுவது?

பிராசசரும் மதர்போர்டும் மாற்றிய கம்ப்யூட்டர் பல நேரம் இப்படித்தான் படுத்தும். ஆன் ஆகவே இல்லை என்றால்கூடப் பரவாயில்லை; ஏதோ ஒரு ஒயரை மாட்ட மறந்திருப்போம். ஆன் ஆகி, விண்டோஸ் வந்து, அரை நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, அவசரமாக ஒரு பிரிண்ட் எடுக்கும்போது நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறதே, அதுதான் தலைவலி.

ஒரு உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். 2019இல் வந்த ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, டிடிஆர்4 ரேம். இவற்றைக் கழற்றிவிட்டு 2023 ஜனவரியில் வந்த ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் போட்டாயிற்று. பழைய ரேம் புது மதர்போர்டில் ஏறாது, அதனால் அதுவும் புதுசு. கேபினட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு நான்கும் பழையவை. பலரும் செய்கிற அப்கிரேடு இது.

பிராசசர்தான் மாஸ்டர். மதர்போர்டு என்பது அடுப்பு மேடையும், அதன் அடியில் ஓடுகிற கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாமும். ரேம் மாஸ்டரின் கைக்கெட்டும் மேசை: நறுக்கின காய், கரைத்த புளி, அரைத்த மசாலா அங்கே இருக்கும், கடை மூடினால் துடைத்துவிடுவார்கள். எஸ்எஸ்டி ஸ்டோர் ரூம். எஸ்எம்பிஎஸ் சிலிண்டர். கிராபிக்ஸ் கார்டுதான் பரோட்டா மாஸ்டர். அவருக்குத் தனிக் கல், தனி வேலை, கேஸும் அதிகம் இழுப்பார். பயாஸ் என்பவர் விடியற்காலையில் மாஸ்டர் வருவதற்கு முன்பே கதவைத் திறந்து, எந்த அடுப்பு எரிகிறது, மேசையில் என்ன இருக்கிறது என்று பார்த்து வைக்கிற ஆள்.

கடையில் கேட்டால் முதலில் வரும் பதில், "ஃபார்மட் போட்டுடலாம் சார், சரியாயிடும்." என்னைக் கேட்டால் கடைசியில் செய்யவேண்டியது அது. விண்டோஸை மறுபடி ஏற்றும்போது ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் எஸ்எஸ்டிக்குப் போகிறது. மேசையில் ஒழுகல் இருக்கிறது என்றால், ஸ்டோர் ரூமைக் காலி செய்து அதே மேசை வழியாகப் புதுச் சரக்கை ஏற்றி என்ன பயன்? சரக்கே கெட்டுப்போய் உள்ளே போகும். பேக்கப்புக்கும் இதே நியாயம்தான். படுத்துகிற கம்ப்யூட்டரிலேயே பேக்கப் எடுத்தால், அந்த நகலில் எந்தப் போட்டோ உடைந்திருக்கிறது என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவரும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி எடுப்பது உத்தமம்.

ஹேங் ஆகும்போது உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? எங்கோ ஓரிடத்தில் ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் சுழியம் வாசிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். 6000 என்று அட்டையில் போட்டு விற்கிற டிடிஆர்5 ரேமில், ஒவ்வொரு தரவுத் தடத்திலும் நொடிக்கு 600 கோடி முறை சரக்கு கைமாறுகிறது. ஒரு ரேம் ஸ்டிக்கில் இப்படி 64 தடங்கள். தட்டை நீட்டுகிற பையனும் அதை வாங்குகிற மாஸ்டரும் ஒரே தாளத்தில் இருக்கும்வரை எதுவும் சிந்தாது. பையன் தட்டை விட்ட பிறகு மாஸ்டர் கை வந்தால் போச்சு. அந்தத் தட்டில் இருந்தது ஒரு போட்டோவின் ஓரத்துப் புள்ளி என்றால் யாருக்கும் தெரியாது. விண்டோஸின் அடிமடியில் இருக்கிற ஒரு முகவரி என்றால் நீலத்திரை. ஒரே கோளாறு ஒரு நாள் கேமை மூடும், ஒரு நாள் பிரவுசரை மூடும், ஒரு நாள் எதுவுமே செய்யாது. காரணம் ஒன்றுதான், எந்தத் தட்டு சிந்தியது என்பதில்தான் வித்தியாசம்.

நொடிக்கு 600 கோடி என்ற அந்த வேகம் விற்கிறவர் சொல்வது. மாஸ்டர் ஒப்புக்கொண்டது இல்லை. ரைசன் 7600க்கு ஏஎம்டி உத்தரவாதம் தருவது இரண்டு ஸ்டிக் இருந்தால் 5200 வரைதான். நான்கு ஸ்டிக் மாட்டினால் அது 3600க்கு இறங்கிவிடும். இதை எத்தனை பேர் பார்த்து வாங்குகிறார்கள்? "எதிர்காலத்துக்கு இருக்கட்டும்" என்று நாலு ஸ்லாட்டையும் நிரப்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பயாஸில் எக்ஸ்போ என்றோ எக்ஸ்எம்பி என்றோ ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைத் தட்டினால் ரேம் அட்டையில் போட்டிருக்கும் வேகத்துக்கு ஏறும். மின்னழுத்தமும் வழக்கமான 1.1 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்குப் போகும். அது முறைப்படி ஓவர்கிளாக்கிங். ஓடினால் லாபம், ஓடாவிட்டால் குறை சொல்ல ஆள் இல்லை.

ஆகவே முதல் வேலை பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவருவது. எக்ஸ்போவை அணையுங்கள். ரேம் பெரும்பாலும் 4800க்கு இறங்கும். இந்த நிதான வேகத்தில் வழக்கமான வேலைகளைக் கொடுத்து ஓரிரு நாள் ஓட விடுங்கள். தொந்தரவு நின்றுவிட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது: சாமான்கள் நல்லவை, வேகத்தில்தான் ஒத்துப்போகவில்லை. அங்கிருந்து 5200, 5600 என்று படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம். அப்போது கிடைக்கும் வேகமும் 6000ஐவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவாக இருக்காது. அந்த வித்தியாசத்துக்காக இரவெல்லாம் பயாஸோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிடிஆர்5 மதர்போர்டை முதல் முறை ஆன் செய்தாலோ பயாஸை மாற்றினாலோ, சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். விசிறி சுற்றும், படம் வராது. கதவு திறக்கிற ஆள் ஒவ்வொரு பையனையும் தனித்தனியாக நிறுத்தி, "நீ எப்போது தட்டை நீட்டினால் இவர் கைக்குச் சரியாகப் போகும்" என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார். மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். பொறுமையில்லாமல் பவர் பட்டனை அமுக்கி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். போர்டு செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் சிலருக்கு வேண்டியிருந்தது ஒரு டீ குடிக்கும் நேரம்.

டீஃபால்ட்டிலும் தொந்தரவு நிற்கவில்லையா? மேசையைச் சோதிக்கவேண்டும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கினால் விண்டோஸ் வராமலே ரேமை மட்டும் சோதிக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை வைத்து, திரும்ப எடுத்து, வைத்ததுதான் வந்ததா என்று பார்க்கும். இரவு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் பிழைதான். "ஒண்ணுதானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பிழை வந்தால் ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, மற்றதை பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டிச் சோதியுங்கள். பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் ஒற்றை ஸ்டிக்குக்கு உரிய இடம் அதுதான். இரண்டு ஸ்டிக் என்றால் இரண்டாவதும் நான்காவதும். பிறகு அடுத்த ஸ்டிக். பிழை ஒரு ஸ்டிக்கின் கூடவே போனால் ஸ்டிக் கெட்டது, மாற்றிக்கொள்ளலாம். ஸ்டிக்கை மாற்றினாலும் அதே ஸ்லாட்டில்தான் பிழை என்றால் விஷயம் வேறு. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று சிரிப்போம். இங்கே மேடை நிஜமாகவே கோணலாக இருக்கும். பழைய ஏஎம்4 பிராசசரில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருந்தன. ஏஎம்5இல் 1718 தொடுமுனைகளும் மதர்போர்டின் சாக்கெட்டில், மயிரிழைபோல நிற்கின்றன. பிராசசரை வைக்கும்போது கை நழுவி ஓர் ஓரம் இடித்தால் இரண்டு மூன்று முனைகள் படுத்துவிடும். அவை ரேமுக்குப் போகிற தடங்களாக இருந்தால் ஒரு பக்கத்து ஸ்லாட்டுகள் முழுக்கக் காணாமல் போகும், அல்லது வந்து வந்து போகும். கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினாலும் கிட்டத்தட்ட இதே குறி தெரியலாம். திருகுகளைத் தளர்த்தி, குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கிப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

இனி சிலிண்டருக்கு வருவோம். புது அப்கிரேடில் எல்லோரும் மறக்கிற பழைய சாமான் எஸ்எம்பிஎஸ்தான். அது 12 வோல்ட்டை அனுப்புகிறது. மதர்போர்டில் பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கிற ரெகுலேட்டர்கள் அதை ஒரு வோல்ட்டுக்குச் சற்று முன்பின்னாகக் குறைத்துத் தருகின்றன. ரைசன் 7600 முழு மூச்சில் 88 வாட் வரை இழுக்கும். ஒரு வோல்ட் கணக்கில் அது பல பத்து ஆம்பியர். அதனால் மேல் மூலையில் இருக்கும் எட்டு முனை பிராசசர் இணைப்பு கடைசிவரை அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்கவேண்டும் என்பது விதி. மென்பொருள் காட்டுகிற எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை, மல்டிமீட்டர் சொல்வதைத்தான் நம்புவேன்.

எப்போது படுத்துகிறது என்பதைக் கவனித்தாலே சிலிண்டரின் குணம் தெரியும். கேம் தொடங்கியதும், அதாவது மாஸ்டரும் பரோட்டா மாஸ்டரும் ஒரே நேரத்தில் தீயைக் கூட்டியதும், நீலத்திரைகூட வராமல் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்தான் முதல் சந்தேகம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதாக ஆக வலுவிழக்கும். வழக்கமான வேலைக்குத் தாங்கும், திடீர் இழுப்புக்குத் தாங்காது. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு: வேலை கொடுத்தால் நன்றாக ஓடும், சும்மா வைத்தால் ரீஸ்டார்ட் ஆகும். 2013இல் இன்டெலின் ஹேஸ்வெல் பிராசசர்கள் வந்தபோது இது பரவலாகப் பேசப்பட்டது. சும்மா இருக்கும்போது அவை இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. அவ்வளவு சிறிய தீயைப் பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றால் நிலையாக எரியவிட முடியவில்லை. ஏஎம்டி போர்டுகள் பலவற்றின் பயாஸில் இதற்கென்றே ‘பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்’ என்ற அமைப்பு உண்டு. அதை ‘டிபிக்கல் கரண்ட் ஐடில்’ என்று வைத்தால் தீ ஓரளவுக்குக் கீழே இறங்காது. மூன்று மணிக்கு ஆளில்லாதபோது அணைந்த அடுப்புக்கு இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுவதென்று முடிவெடுத்தால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கழற்றி மாட்டக்கூடிய கேபிள் கொண்ட மாடல்களில் பழைய கேபிளை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்த ஊசியில் என்ன வோல்ட் வரும் என்பதற்குப் பொது விதி இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறும். முனை அழகாகப் பொருந்தும், ஸ்விட்சைப் போட்டதும் எஸ்எஸ்டி போய்விடும்.

சூட்டைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், தேவைக்கு மேலேயே. ரைசன் 7600க்கு 95 டிகிரி மேல்வரம்பு. அதைத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூட்டினால் மாஸ்டர் முதலில் மெதுவாவார். சுருண்டு விழுவது அதற்கப்புறம். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

மாஸ்டரை நேரடியாகச் சோதிக்க ஒரு நல்ல வழி, ருசி முன்பே தெரிந்த ஒரு பதார்த்தத்தைச் செய்யச் சொல்வது. பிரைம்95 செய்வது அதைத்தான். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்கான மென்பொருள் அது. அதன் சோதனை முறையில் விடை தெரிந்த கணக்குகளைப் பிராசசரிடம் கொடுத்து, வந்த விடையை ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அந்தக் கணக்கைப் போட்ட கோரில், அதாவது பிராசசரின் அந்தப் பகுதியில், சோதனை நின்றுவிடும். சிறிய கணக்குகளுக்கான தேர்வு மாஸ்டரை மட்டும் சோதிக்கும், ‘பிளெண்ட்’ என்ற தேர்வு மேசையையும் சேர்த்துச் சோதிக்கும். முதலாவதில் தேறி இரண்டாவதில் தவறினால் மறுபடி ரேம் பக்கம் போகவேண்டும். இன்டெலின் ஸ்கைலேக் பிராசசர்களில் இருந்த ஒரு பிழையே இந்த மென்பொருள் ஓடும்போதுதான் பிடிபட்டது. 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் மூலம் சரிசெய்தது.

ஆட்களைக் குறைத்துப் பார்ப்பதும் பலன் தரும். ரைசன் 7600க்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. பழைய 3600இல் அது இல்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மானிட்டரை மதர்போர்டிலேயே செருகிப் பாருங்கள். பரோட்டா மாஸ்டர் லீவில் போனதும் கடை அமைதியாகிவிட்டால், ஒன்று அவர்மேல் தப்பு அல்லது அவருக்குப் போகிற கேஸில் தப்பு. கார்டை நீட்டிப்புக் கேபிள் வழியாக மாட்டியிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ வேகத்துக்குச் செய்த கேபிள் நான்காம் தலைமுறை வேகத்தில் தடுமாறும். அப்படியே உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அதிலும் தொங்கினால் விண்டோஸ் நிரபராதி. லினக்ஸில் நாள் முழுக்க ஓடி, விண்டோஸில் மட்டும் விழுந்தால் பழைய மதர்போர்டின் டிரைவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிப்செட் டிரைவரைப் புதிதாக ஏற்றுங்கள். ஃபார்மட்டின் முறை வருவது இதற்கும் பிறகு.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரியைப் பார்த்துப் பலர் எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுகிறார்கள். அந்த வரி சொல்வது, ‘முறையாக அணைக்காமல் மறுபடி ஆன் ஆனது’ என்பதை மட்டும்தான். ஏன் என்று அதற்கும் தெரியாது. ‘வீயா-லாகர்’ என்ற பெயரில் வரிகள் இருந்தால் கவனியுங்கள். அவை வன்பொருளே எழுதிக் கொடுத்த புகார்கள்.

பயாஸ் அப்டேட்டை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிப்போனபோது, எக்ஸ்போ போட்டால் போர்டுகள் கொடுத்த ஒரு மின்னழுத்தம் மிகையானது என்று தெரிந்து, ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டோடு நிறுத்தும் பயாஸை வெளியிட்டது. அலமாரியில் வெகுநாள் கிடந்த போர்டில் அதற்கு முந்தைய பயாஸ் இருக்கக்கூடும். எக்ஸ்போவை அணைத்துவிட்டு, யுபிஎஸ்ஸில் செருகி வைத்துக்கொண்டு அப்டேட் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் கதவு திறக்கவே ஆள் இருக்கமாட்டார். அதற்கு முன்னால், எஸ்எஸ்டியைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் கைவசம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பூட்டுச் சாவியைக் காக்கிற சிப்பில் மாற்றம் தெரிந்தால் விண்டோஸ் அதைக் கேட்கும், அது இல்லாமல் ஸ்டோர் ரூம் திறக்காது.

இவ்வளவுக்கும் பிறகுதான் மாஸ்டர்மேல் கை நீட்டவேண்டும். பிராசசரே கெடுவது அபூர்வம். ஆனால் அபூர்வமும் நடக்கிறது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் கேம் திறந்ததும் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. எல்லோரும் பரோட்டா மாஸ்டரைப் பிடித்து உலுக்கினார்கள். கார்டில் மெமரி தாராளமாக இருந்தது. கேமின் சுருக்கிவைத்த ஃபைல்களைப் பிரிக்கும் கணக்கைப் பிராசசர் தப்பாகப் போட, அந்தத் தப்பு கார்டின் குறைபோல வெளியே தெரிந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் பிராசசருக்குள்ளேயே ஒரு சுற்று தேய்ந்துவிட்டது என்று 2024இல் இன்டெல் சொன்னது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகத் திருத்தங்கள் தந்தது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் மேற்கொண்டு தேய்வதைத் தடுக்கத்தான். ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை எந்த பயாஸும் சரிசெய்யாது, மாற்றித்தான் வாங்கவேண்டும். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கிடைக்கிறது என்று கிளம்புகிறவர்கள், அது எத்தனை நாள் பழைய பயாஸில் ஓடியது என்று விற்பவரிடம் கேளுங்கள். முதலில் வாங்கிய பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.